லடாக் போகவிருந்த என் படம் ராஜபாளையத்தில் நின்றது

கடந்த ஜூலையில் நான்கு நாட்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுற்றினேன். சுற்றுலா இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லடாக்கில் இருக்கும் லே வரை ஒருவர் சைக்கிளில் போகப்போகிறார், அதை ஆவணப்படமாக எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். படப்பிடிப்புக்கு முன்னால் இடங்களைப் பார்ப்பது, ஆட்களிடம் பேசுவது, எந்த நேரத்தில் எங்கே வெளிச்சம் விழுகிறது என்று தெரிந்துகொள்வது, இதற்குத்தான் போனேன். ரெக்கி என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். படம் எடுக்கவில்லை. சரியாகச் சொன்னால், நான் எடுக்கவில்லை. இதேபோல ஏதாவது திட்டத்தோடு இந்தப் பக்கம் வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பயணக் கட்டுரையில் மலையும் அருவியும் மட்டும் எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம்.

எனக்கு மதுரை. கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது பிழைப்பு. கூடவே வேலை பார்க்கும் கேமராமேன் தினேஷ், ஆறு வருடப் பழக்கம். மண்டப வாசலில் பந்திக்குக் காத்திருக்கும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் பேசுவது ஒன்றே ஒன்றுதான்: யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாத ஒரு படத்தை, எங்களுக்காக, ஒருமுறையாவது எடுக்க வேண்டும்.

அப்படி இருக்கும்போதுதான் மதுரையில் சைக்கிள் ஆர்வலர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் முத்துப்பாண்டியைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயது. வத்திராயிருப்பு பக்கம் மகாராஜபுரம் சொந்த ஊர். பட்டாளத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நூற்பாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வீடும் அங்கேதான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஊரிலிருந்து டெல்லி வரை சைக்கிளில் போனவர். மைக்கைப் பிடித்தால் கூட்டம் அசையாது. நாக்பூர் வெயிலில் டயர் உருகிய கதையை அவர் சொன்னபோது எனக்கே தாகம் எடுத்தது. "கூட யாரும் வரலையா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒருத்தன் வந்தான். பாதியில முடியல, திரும்பிட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார். நானும் அவரோடு அடுத்த கதைக்குப் போய்விட்டேன்.

மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணிக்கு ராஜபாளையம் பஸ் ஏறினோம். எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழி. சாலை வேலை நடப்பதால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கத்தான் நினைத்தோம். ஆடிப்பூரத் தேர் நெருங்கியதால் லாட்ஜில் ஓர் அறைகூட இல்லை. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் தூரத்தில், ஆளுக்கு ஓர் அறை, நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். சுத்தமாக இருந்தது. பேட்டரி சார்ஜ் போட அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கையோடு கொண்டு போங்கள்.

முதல் நாள் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் முத்துப்பாண்டியைச் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தோம். அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. இங்கே மாலை வெளிச்சம் என்று ஒன்றை நம்பவே கூடாது. மலை மேற்கே இருக்கிறது. நான்கரை மணிக்கே சூரியன் அதை நோக்கிச் சாய்ந்து, ஆள் முகம் கறுத்து, மலை வெறும் நிழலாகிவிடுகிறது. காலையில் போனால் நேர்மாறு. கிழக்கு வெயில் நேராக மலையில் அடிக்கும். மேகம் மடிப்பு மடிப்பாக இறங்கும். சாலையில் வருகிற ஆளின் முகம் பொன்னாக இருக்கும். எனவே எல்லாக் காட்சிகளையும் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அந்தத் திட்டத்தை நான்தான் போட்டேன். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்று பிறகு புரியும்.

மறுநாள் ஒரு ஆம்னி வேன் பிடித்தோம். முழு நாளைக்குப் பெட்ரோலோடு இரண்டாயிரத்து இருநூறு. பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தினேஷ் உட்கார, பின்னால் முத்துப்பாண்டி மிதித்து வர, கிருஷ்ணன்கோவில் போய் வத்திராயிருப்புப் பக்கம் திரும்பினோம். வேன் டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும், உள்ளூர்க்காரர்.

"பின்னாடி தொறந்து கெடந்தா போலீஸ்காரவுக பிடிப்பாகளேம்மா," என்றார்.

"மெதுவாத்தானேண்ணே போறோம்."

"மெதுவாப் போனாலும் பிடிப்பாக. செத்த நேரம் எடுத்துட்டுச் சாத்திருங்க, பொறவு புதுப்பட்டி தாண்டித் தொறந்துக்கிருவோம்."

முத்துப்பாண்டியின் மிதி அழகு. உடம்பு ஆடாது, தோள் ஆடாது, கால் மட்டும் சுற்றும். காற்று எதிரே அடித்தது. ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்குகிற காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றிலும் வழியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அவர் சிரித்துக் கையாட்டினார். ஒரு பெண்ணின் சைக்கிளில் செயின் கழன்றிருப்பதைப் பார்த்து நின்று மாட்டிக்கொடுத்தார். கேமராவுக்காக இல்லை, அப்போது நாங்கள் முன்னால் போய்விட்டிருந்தோம், கண்ணாடியில்தான் பார்த்தேன். அதனால்தான் இந்த மனிதரை ஒரேயடியாகக் கெட்டவர் என்று தள்ளிவிட இன்றுவரை என்னால் முடியவில்லை. அப்படித் தள்ள முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை இவ்வளவு நீளாது.

வ. புதுப்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். வேன் டிரைவர் முத்துப்பாண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"டெல்லிக்குப் போனது நீங்கதான? ஒங்ககூட ராஜபாளையத்துக்காரர் ஒருத்தரு போனாரே, ரகுராமு. அவரு வரலையா இந்தத் தடவ?"

"அவனுக்கு முடியாதுண்ணே," என்றார் முத்துப்பாண்டி. டீயைப் பாதியில் கீழே ஊற்றிவிட்டு சைக்கிளுக்குப் போய்விட்டார்.

எனக்குச் சந்தேகம் எல்லாம் எழவில்லை. மகிழ்ச்சிதான். பழைய பயணத்தின் புகைப்படங்கள் முத்துப்பாண்டியிடம் ஏழெட்டுதான் இருந்தன. கூடப் போனவரிடம் இன்னும் இருக்குமே. ரகுராமின் போன் நம்பரைக் கேட்டேன். "அவனத் தொந்தரவு பண்ண வேணாம் மேடம். பாதியில திரும்பிட்டோம்னு மனசொடிஞ்சு கெடக்கான் பாவம்," என்றார். கரிசனம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு, புகைப்படம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் விட மாட்டார்கள். மாலையில் தினேஷை லாட்ஜில் விட்டுவிட்டு, வேன் டிரைவர் சொன்ன அடையாளத்தை வைத்து, பஞ்சு மார்க்கெட் பக்கம் ரகுராமின் ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போனேன்.

கடைக்குள் ஒருவர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ஆதார் அட்டை ஒன்றை நகலெடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "முத்துப்பாண்டி அனுப்புனானா?" என்றார். முகம் அப்படி மலர்ந்தது. இல்லை, நானாகத்தான் வந்தேன் என்றதும் கொஞ்சம் சுருங்கி, உடனே சமாளித்து, "இருக்கட்டும், வாங்க. வீடு பின்னாலதான்," என்று இறங்கினார். இறங்கிய பிறகுதான் பார்த்தேன். இடது கால் வலதைவிடக் குட்டையாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் விழுந்து எழுந்தது.

வீட்டில் அவருடைய மனைவி பத்மா இருந்தார். ரகுராம் ஒரு கவரிலிருந்து புகைப்படங்களை எடுத்துப் பரப்பினார். சேலம், ஓசூர், ஹைதராபாத். எல்லாவற்றிலும் இரண்டு பேர், இரண்டு சைக்கிள், இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி வெயில். ஆதிலாபாத் போய்ச் சேர்வதற்குள் படங்கள் முடிந்துவிட்டன. அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் படங்களை அடுக்கினார். உள்ளேயிருந்து பத்மா சத்தமாக, "செப்பண்டி! அன்னீ செப்பண்டி!" என்றார். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. சொல்லுங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றாராம்.

"பின்னாலேருந்து ஒரு வண்டி வந்து தட்டிருச்சும்மா," என்றார் ரகுராம். "என்ன வண்டின்னுகூடத் தெரியாது. நிக்கல. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல எனக்கு. முத்துப்பாண்டிதான் ஒரு டெம்போவக் கை காட்டி நிறுத்தி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தூக்கிட்டுத்தான் போனான், அத நான் மறக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"மறுநா காலையில வந்து கட்டில் பக்கம் நின்னான். 'மாப்ள, எனக்கு லீவு கெடையாது. டெல்லியில எங்க யூனிட்டு ஆளுக மாலையோட நிக்கிறாக. ஒனக்குத் தெலுங்கு தெரியும்ல, நீ சமாளிச்சுக்கிருவ'ன்னான். போயிட்டான்."

அங்கே தெலுங்கு உதவியதா என்று கேட்டேன்.

"நம்ம தெலுங்கு வேற, அவங்க தெலுங்கு வேற," என்று சிரித்தார். "அவங்க பேசுறது பாதி உருது. நான் பேசுறதுல பாதி தமிழு. ஆஸ்பத்திரிக்காரங்க நல்லவங்கதான். ஆனா கையெழுத்துப் போட ஆள் வேணும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் வேணும். எங்க அண்ணன் ராஜபாளையத்துலேருந்து ரயிலேறி வந்து சேர்ற வரைக்கும் அப்படியே கெடந்தேன். எலும்பு அது இஷ்டத்துக்கு ஒட்டிக்கிருச்சு."

அதற்கு முன்னால் அவரும் ஒரு மில்லில் ஷிப்ட் மேஸ்திரி. எட்டு மணி நேரம் நின்று பார்க்கிற வேலை. அது போனது. கடை வந்தது.

பத்மா வெளியே வந்து ஒரு பேப்பர் துண்டை என்னிடம் நீட்டினார். முத்துப்பாண்டி டெல்லி சேர்ந்த செய்தி. தனி ஒருவராகச் சாதனை என்று இருந்தது. படம் ஹைதராபாத்தில் எடுத்தது. முழுப் படம் என் மடியிலேயே கிடந்தது. அச்சில் ஒரு பாதியை வெட்டியிருந்தார்கள். முத்துப்பாண்டியின் தோளில் மட்டும் யாருடையதோ ஒரு கை மிச்சமிருந்தது.

"இவரு கை," என்றார் பத்மா. "அத வெட்ட முடியலபோல. கழுத்தும் சேந்து போயிருமே."

"நீங்க ஏன் இத யார்ட்டயும் சொல்லல அண்ணே?"

"கேட்டா சொல்லிருப்பேன். யாரும் கேக்கல," என்றார் ரகுராம். புகைப்படங்களைக் கவருக்குள் போட்டுக்கொண்டே, "நீங்க படத்துல வச்சாலும் சரி, வைக்காட்டியும் சரி. எனக்கு அவன் மேல கோவமெல்லாம் இல்ல. ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருக்கலாம். பன்னெண்டு கிலோமீட்டர்தான? டெல்லிக்கே மிதிச்சவன்" என்றார்.

மறுநாள் காலை மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புச் சாலையில் வெளிச்சம் பார்க்க வரச் சொல்லியிருந்தோம். முத்துப்பாண்டி வந்ததும் கேட்டுவிட்டேன். மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"ஆமா. விட்டுட்டுத்தான் போனேன்," என்றார். "பட்டாளத்துல ஒருத்தன் விழுந்தா, கான்வாய் நின்னுக்கிட்டா இருக்கும்? ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு மத்தவன் முன்னால போவான். அதான் பழக்கம்."

"அது சண்டையில. இது என்ன சண்டையா?"

"ஒங்களுக்குப் புரியாதும்மா. அம்புட்டு வருசம் சர்வீஸ் போட்டு டிரைவராவே ரிட்டயர் ஆனவன் நான். ஊருல ஒரு பய திரும்பிப் பாத்ததில்ல. மொத மொதலா எனக்குன்னு நாலு பேரு மாலையோட நிக்கிறான். நான் போகலன்னா அந்த மால வாடிப்போயிரும். ரகு கால் எப்படியும் ஒடஞ்சிருச்சு. நான் அங்க ஒக்காந்திருந்தா ஒட்டிருக்குமா?"

"கையெழுத்துப் போட்டிருக்கலாம்ல."

அவர் சைக்கிளின் மேல் ஒட்டியிருந்த மண்ணைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு நிமிர்ந்து, "இது படத்துல வரும்னா நான் மிதிக்க மாட்டேன். பாத்துக்கிருங்க," என்றார்.

எனக்கு அந்த இடத்தில் உண்மையில் ஒரு நல்ல படம் தெரிந்தது. மாலைக்காக நண்பனை விட்டுப் போனவன், மறுபடி அதே சாலையில் போகிறான். ஆதிலாபாத் பக்கம் அந்த ஊரைக் கடக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும்? லேயைவிட அந்த ஊர்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இதை அப்படியே மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் தினேஷிடம் சொன்னேன். அவன் இலையிலிருந்து நிமிரவில்லை.

"வாசுகி, அந்தாளு மாட்டேன்னுட்டாரு. படமே இல்லாமப் போயிரும்."

"பேசிப் பேசிச் சம்மதிக்க வைப்போம்."

"எதுக்கு? சைக்கிள், மலை, பனி, ஒரு ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர். ஜனங்க பாக்குறதுக்கு அது போதும். ஒரு படத்துக்கு ஒரு ஹீரோதான். இன்னொருத்தரு நொண்டிக்கிட்டு வந்தா யாரு பாப்பா?"

ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆள். அந்த ஒரு வார்த்தையோடு எழுந்து கை கழுவினேன். ரகுராம் இல்லாமல் படம் இல்லை என்று சொன்னேன். "நல்லா யோசிச்சுக்கோ," என்றான். யோசித்துக்கொண்டே மறுநாள் தனியாக மதுரை பஸ் ஏறினேன். தினேஷ் ஒரு நாள் கழித்து வருவதாகச் சொன்னான். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தினேஷிடமிருந்து போன் வந்தது. "நீ வேண்டாம்னுதான சொன்ன? அதான் நானே எடுக்கிறேன்," என்றான். ஒரு துணிக் கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டதாம். கேமரா அவனுடையது. முத்துப்பாண்டியைக் கண்டுபிடித்தது, வழியைப் பிரித்தது, காலை ஆறிலிருந்து எட்டு என்று வெளிச்சம் குறித்தது எல்லாம் நான் என்பதற்கு என்னிடம் எந்த ரசீதும் இல்லை. ஊர்ச் சாலைக்கும் சூரியனுக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பது தெரியும். இருந்தாலும் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. யாரோ ஒரு மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி என் திரையில் உறைந்து நின்றார்.

ரகுராமிடம் நேரில் சொல்லிவிடுவதுதான் முறை என்று ஆகஸ்ட் பாதியில் மறுபடி ராஜபாளையம் போனேன். உங்கள் கதையைச் சொல்ல முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று பஸ்ஸில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தேவைப்படவில்லை. கடைக்குள் நுழைந்ததுமே அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தார்.

"வந்தாம்மா! முந்தாநேத்து வந்தான். ஆப்பிளு, ஆரஞ்சு, ஒரு பை நெறைய. கையப் பிடிச்சு 'மாப்ள, தப்பு பண்ணிட்டேன்டா'ன்னான். கொடியசைக்க என்னத்தான் கூப்பிட்டிருக்கான், தெரியுமா?"

"தனியாவா வந்தாரு?"

"ஒங்க தினேஷு தம்பி கேமராவோட வந்திருந்தாரு."

"அண்ணே, அது படத்துக்காக..."

"தெரியும்மா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதா? ஆனா வந்தான்ல?"

நான் படத்தில் வைக்க நினைத்தது துரோகம். அவர்கள் வைத்துக்கொண்டது மன்னிப்பு. ஜனங்கள் எதைப் பார்ப்பார்கள் என்பதில் தினேஷ் சரி, நான் தப்பு. வாசலில் பத்மா மட்டும் என்னிடம் மெதுவாக, "நீங்க அன்னைக்கு வந்து கேக்காம இருந்திருந்தா அவன் இந்த ஜென்மத்துல வந்திருக்க மாட்டான்," என்றார். அது நன்றியா, குற்றச்சாட்டா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ரகுராம் வற்புறுத்தியதால் ஆகஸ்ட் கடைசியில் அந்த வழியனுப்பு விழாவுக்கும் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம், காலை ஆறரை மணி. வெளிச்சம் நான் சொன்னபடியே இருந்தது. துணிக் கம்பெனியின் பெயர் போட்ட பனியன் அணிந்து முத்துப்பாண்டி நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ரகுராம். கொடியை அசைத்தார். கைதட்டினார்கள். சைக்கிள் கிளம்பியது, பின்னாலேயே கேமரா ஜீப்பும் கிளம்பியது. அவ்வளவுதான், கூட்டம் டீக்கடைக்குப் போய்விட்டது. கொடியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ரகுராம் சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் போய் வாங்கிச் சுருட்டினேன். அவரைத் திரும்பக் கொண்டுவிட யாரும் வண்டி ஏற்பாடு செய்யவில்லை.

இனி, வரப்போகிறவர்களுக்கு. செண்பகத்தோப்பும் அதற்கு மேலும் புலிகள் காப்பகக் காடு. கேமராவோடு உள்ளே போவதானால் வனத்துறையிடம் முன்கூட்டியே எழுத்து அனுமதி வாங்குங்கள், ட்ரோனை நினைத்தே பார்க்காதீர்கள். சைக்கிளில் வருகிறவர்கள் நெடுஞ்சாலையைவிட வத்திராயிருப்புச் சாலையை எடுத்துக்கொள்ளலாம். தென்னையும் வயலுமாக இருக்கும், வண்டி குறைவு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காற்று மேற்கேயிருந்து அடிக்கும், மலையைப் பார்த்துப் போகும்போது வேகம் பாதியாகிவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் மைக்குக்குக் காற்றுத் தடுப்பான் இல்லாமல் வரவே வேண்டாம். தேர் நாட்களில் லாட்ஜ் கிடைக்காது. பால்கோவா வாங்கினால் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

நீண்ட பயணம் போனவரைப் பற்றிப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே யோசனைதான். கூட யார் போனார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். அவர் வீட்டுக்குக் கேமரா இல்லாமல் போங்கள். அதற்குப் பிறகும் படம் எடுக்கத் தோன்றினால் எடுங்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் எடுக்கத் தோன்றியது, அதனால்தான் எடுக்க முடியவில்லை. இதை எழுதலாமா என்று ரகுராமிடம் போனில் கேட்டேன். "பேர மட்டும் மாத்திருங்க," என்றார். பத்மா போனை வாங்கி, "அவரு படிக்க மாட்டாரு. நான் படிப்பேன், எழுதுங்க," என்றார்.

கடைசியாக பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விழா முடிந்து நானும் ரகுராமும் அதில்தான் திரும்பினோம். கால் நீட்ட வசதியாக அவருக்கு முன் சீட் பிடித்துக் கொடுத்தேன். பாதி தூரம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று பேசினார்.

"அன்னைக்கு மூணு தடவ எடுத்தாங்கம்மா."

"எத?"

"அவன் வீட்டுக்கு வந்தத. கதவத் தட்டுறது, நான் தொறக்குறது, கையப் பிடிக்கிறது, உள்ள வந்து ஒக்காந்து காபி குடிக்கிறது. மொத தடவ அவன் கையப் பிடிச்சப்ப எனக்கு நெசமாவே அழுக வந்துருச்சு. தெருவுல ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டான். சவுண்டு கெட்டுப்போச்சு, இன்னொரு தடவன்னாரு தம்பி. ரெண்டாவது தடவ எனக்கு அழுக வரல. அதனால இன்னொரு தடவன்னாரு."

கண்டக்டர் வந்து அவரிடம் டிக்கெட் கொடுத்துவிட்டுப் போகும்வரை காத்திருந்தார்.

"மொத ரெண்டு தடவயும் பத்மா காபி போட்டுக் குடுத்தா. மூணாவது தடவ போடல. வெறும் டம்ளரக் கொண்டாந்து அவன் முன்னால டங்குன்னு வச்சா. எனக்கு வெக்கமாப் போச்சு. என்ன சொல்லப்போறானோன்னு அவன் மொகத்தையே பாத்தேன்."

"என்ன சொன்னாரு?"

ரகுராம் தன் குட்டைக் காலைக் கையால் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லலம்மா. எடுத்துக் குடிச்சான். ஊதி ஊதிக் குடிச்சான்."